மற்றும் குழுவினர்

கடலூர் முதுநகரில் என் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. ரோஸ் நிறத் தாள். மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் சோறு வைத்து ஒட்டியிருக்கிறது. 1991ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செடல் திருவிழாவுக்கு அடித்தது. 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே குழுவை நடத்தியவரின் பெயர், யாரோ கொடுத்த பட்டம், பிறகு கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, கிடார் என்று வரிசையாக ஆண்களின் பெயர்கள். சைக்கிள் ஸ்டாண்டு காண்டிராக்டர் பெயர் கூட உண்டு. கடைசி வரி: 'மற்றும் குழுவினர்'.

அந்தக் கடைசி வரிக்குள்தான் என் அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். எட்டு வருஷம் அந்தக் குழுவில் பாடியவர்கள்.

"உன் பேரு எங்க அத்தே?"

"அதான் போட்டிருக்குல்ல, குழுவினருன்னு."

கிண்டலா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சேர்ந்து பாடிய பெண்கள், பிரிந்து தனித்தனியே போன பெண்கள், மறுபடி ஒரு மேடையில் நின்ற பெண்கள் ஆகியோரைப் பற்றி இக்கட்டுரையை எழுதுகிறேன். சிதம்பரம் கீழவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பாப் பாட்டுக் குழு பொம்பளைங்களைப் பத்தியா? ஏன்யா, எழுத வேற ஒண்ணும் கிடைக்கலையா" என்றார். நமது சூழலில் பொதுவாக இரண்டு எதிர்வினைகள்தான் உண்டு. ஒன்று, வெகுசன இசை என்பதே சந்தையின் கழிவு என்று அடோர்னோவைத் துணைக்கழைத்து ஒதுக்கிவிடுவது. இன்னொன்று, அதை மக்கள் கலை என்று தூக்கி வைத்துக் கொண்டாடுவது. இரண்டு பேருமே அங்கே யார் பாடியது, அவருக்கு என்ன கூலி, அவர் பெயர் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

பெயர் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

1959இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஏழைக் கறுப்பினக் குடியிருப்பொன்றைச் சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள் நாலு பேர் ஒரு பாட்டுக் குழுவாகச் சேர்ந்தார்கள். அதே ஊரில் 'பிரைம்ஸ்' என்று ஒரு ஆண்கள் குழு இருந்தது. அதன் தங்கைக் குழு என்பதால் இவர்களுக்கு 'பிரைமெட்ஸ்' என்று பெயர் வந்தது. தொடக்கமே இப்படி, அண்ணன் பெயரின் வால். 1961 ஜனவரியில் மோடவுன் கம்பெனி இவர்களோடு ஒப்பந்தம் போட்டபோது வேறு பெயர் வேண்டுமென்று கேட்டது. ஒரு பட்டியலிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃப்ளாரன்ஸ் பல்லார்ட். கூட இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுவே நின்றது. 1964, 65இல் அடுத்தடுத்து ஐந்து பாடல்கள் அமெரிக்க வரிசையில் முதலிடம். மொத்தத்தில் பன்னிரண்டு. வெள்ளையர் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிக்குள் கறுப்பினப் பெண்கள் மூவர் சீமாட்டிகளாக நுழைந்த காலம் அது. அதன் அரசியலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் கம்பெனி முதலாளி பெர்ரி கார்டி, டயானா ராஸை முன்னால் நிறுத்தினார். பல்லார்டும் மேரி வில்சனும் பின்னால் போனார்கள். 1967இல் குழுவின் பெயரே 'டயானா ராஸும் சுப்ரீம்ஸும்' என்று மாறியது. பெயர் கொடுத்த பல்லார்ட் அதே வருஷம் வெளியேற்றப்பட்டார். அவர் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் நிறுத்தப்பட்டார். மறுவருஷம் ஏபிசி கம்பெனிக்காகப் பல்லார்ட் தனியாகப் பாடினார். இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன, விற்கவில்லை. பாடி முடித்த முழுத்தொகுப்பு அவர் உயிரோடிருந்தவரை வெளிவரவே இல்லை. மோடவுனோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தான் சுப்ரீம்ஸில் இருந்தவள் என்று சொல்லித் தன் தனிப்பாடல்களுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊரே அறிந்த ஒரு உண்மையைச் சொல்ல ஒருத்திக்கு மட்டும் உரிமை இல்லை, அந்த உண்மையே அவள்தான் என்றாலும். பிள்ளைகளோடு அரசு உதவிப் பணத்தில் வாழும் நிலைக்கு வந்து, 1976 பிப்ரவரியில் தன் 32ஆவது வயதில் இறந்துபோனார்.

டயானா ராஸ் 1970 ஜனவரியில் பிரிந்து தனிநட்சத்திரம் ஆனார். குழு புதுப்புது முகங்களோடு 1977வரை இழுத்துக்கொண்டு போயிற்று. கடைசிவரை நின்றவர் மேரி வில்சன். பெயர் கம்பெனியினுடையது என்பதால் அதற்காக அவர் வருஷக்கணக்கில் வழக்காடினார். பழைய குழுக்களின் பெயரில் சம்பந்தமே இல்லாதவர்கள் கச்சேரி செய்வதைத் தடுக்கும் சட்டங்களுக்காக மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசினார். பல மாநிலங்களில் அது சட்டமாகவும் ஆயிற்று. 2000ஆம் ஆண்டு டயானா ராஸ் 'மறுகூடல்' பயணம் ஒன்றை அறிவித்தார். சம்பளத்தில் இருந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லி மேரி வில்சன் வர மறுத்துவிட்டார். பேர்ட்சாங்கும் வரவில்லை. ராஸ் போன பிறகு குழுவில் சேர்ந்த இருவரோடு, அதாவது அவர் ஒருநாளும் கூட நின்று பாடியிராதவர்களோடு, மறுகூடல் நடந்தது! டிக்கெட் விற்காமல் பாதியிலேயே ரத்தாயிற்று. 2021இல் மேரி வில்சன் காலமானார்.

அடோர்னோவின் 'போலித் தனித்தன்மை' என்ற கருத்தாக்கம் இங்கே கொஞ்ச தூரம்தான் கூட வருகிறது. ஒரே அச்சில் வார்த்த சரக்குக்கு வேறு வேறு வண்ணம் பூசி விற்பது என்பதை விளக்க அது போதும். 1994இல் ஒரு பத்திரிகை விளம்பரத்தின் மூலம் ஆள் எடுத்து இங்கிலாந்தில் உருவாக்கிய ஸ்பைஸ் கேர்ள்ஸைப் பாருங்கள். ஸ்போர்ட்டி, ஸ்கேரி, பேபி, ஜிஞ்சர், போஷ் என்று ஐந்து பேருக்கும் உலகம் அறிந்த செல்லப்பெயர்கள். இவற்றை வைத்தது ஒரு பத்திரிகை, அவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒவ்வொருத்தியும் தனக்குப் பொருந்தும் ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம், பொம்மை வாங்கலாம். சரி. ஆனால் அதே பெண்கள்தான் 1995இல் தங்களை உருவாக்கிய மேலாளர்களை விட்டுவிட்டு, பதிவு செய்த நாடாக்களையும் எடுத்துக்கொண்டு வெளியேறியவர்கள். 1997இல் அடுத்த மேலாளரையும் வெளியே அனுப்பியவர்கள். சரக்கு எழுந்து கடையை விட்டு நடந்து போனால் அதை என்ன சொல்வது? அடோர்னோவிடம் இதற்குப் பதில் இல்லை. அவர் கேட்பவரைப் பற்றித்தான் கவலைப்பட்டார். பாடுகிறவள் அவர் கண்ணில் படவில்லை.

நம் பக்கம் வருவோம். இங்கே பெண்கள் கூட்டாகப் பாடியதும் ஆடியதும் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. நாகசுரத்தைப் பெரிய மேளம் என்றும் தேவதாசியரின் ஆட்டக் குழுவைச் சின்ன மேளம் என்றும் சொன்ன காலத்தில் கூட்டுக்கு என்ன பெயர் இருந்தது? தாயின் பெயர். வீணை தனம்மாளின் (1867–1938) பெண்களில் ராஜலட்சுமியும் லட்சுமிரத்தினமும் 'தனம் டாட்டர்ஸ்' என்றே அறியப்பட்டார்கள். 1931 மார்ச் மாதம் சென்னை மியூசிக் அகாடமி முதன்முதலாக நாட்டியக் கச்சேரி வைத்தபோது ஆடியவர்கள் 'கல்யாணி டாட்டர்ஸ்', தஞ்சாவூர்க் கல்யாணியின் பெண்கள். ஆங்கில வார்த்தைதான், ஆனால் உள்ளே இருப்பது தாய்வழி. தகப்பன் பெயருக்கு அங்கே இடமில்லை, முதலாளி பெயருக்கும் இல்லை. இந்தப் பெண்களின் வரலாற்றைத் தேடித்தேடிச் சேகரித்த பி.எம். சுந்தரத்தின் 'மரபு தந்த மாணிக்கங்கள்' நூலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது தேவதாசி முறையை நான் ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1947ஆம் ஆண்டின் சட்டம் வேண்டிய சட்டம்தான். ஆனால் முறை ஒழிந்தபோது அதோடு சேர்ந்து எது எது கழிந்துபோனது என்று கணக்குப் பார்ப்பதும் நம் வேலை.

பிறகு வந்த பெண் கூட்டுகளுக்கு ஊர்ப்பெயர் வைக்கப்பட்டது. சூலமங்கலம் சகோதரிகள், பாம்பே சகோதரிகள். மேடைக்கு வந்த சமூகமும் மாறிவிட்டிருந்தது. 'டாட்டர்ஸ்' போய் 'சிஸ்டர்ஸ்' வந்ததைச் சாதாரண வார்த்தை மாற்றமாக நான் பார்க்கவில்லை. தாயைக் குறித்த பெயரில் தொழில் தெரியும். ஊரைக் குறித்த பெயரில் கண்ணியம் மட்டுமே தெரியும். தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் இணையாகப் பாடிப் புகழ் பெற்றவர்கள். 1976இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பிருந்தாவுக்குக் கிடைத்தது, முக்தாவுக்கு இல்லை. 2010இல் பாம்பே சகோதரிகளுக்கு இருவரையும் ஒரே ஆளாகப் பாவித்து அதே விருது தரப்பட்டது. எப்போது இணையைப் பிரிப்பது, எப்போது சேர்ப்பது என்பதை முடிவு செய்கிற கை எப்போதும் மேடைக்குக் கீழேதான் இருக்கிறது. சூலமங்கலம் ராஜலட்சுமி 1992இல் காலமான பிறகு ஜெயலட்சுமி 25 ஆண்டுகள் உயிரோடிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும்போது அதில் எது அக்கா குரல், எது தங்கை குரல் என்று கேட்டால் தினமும் கேட்கிறவர்களே முழிப்பார்கள். நானும் முழிக்கிறவன்தான்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. சினிமாக் கோரஸ். தமிழ் சினிமாவில் பெயரே இல்லாத பெண்கள் குழு அதுதான். தோழியராக, கிராமத்துப் பெண்களாக, தேவதைகளாக, வயலில் நாற்று நடுகிறவர்களாக ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒலித்தவர்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மா நிர்மலா அப்படிக் கோரஸ் பாடிப் பிழைத்தவர். அம்மாவோடு ஸ்டுடியோவுக்குப் போய்த்தான் ஈஸ்வரியும் கோரஸுக்குள் வந்தார். கே.வி. மகாதேவன் 1958இல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் அவரைத் தனிக்குரலாகப் பாட வைத்தார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிளப் நடனத்துக்கும் அம்மன் கோயிலுக்கும் அதே குரல். 'குடும்பப் பெண்'ணுக்கு மட்டும் வேறு குரல். இந்தப் பிரிவினை எப்படிக் கட்டமைக்கப்பட்டது என்பதை அமாண்டா வைட்மன் 2021இல் வந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய படியை. ஈஸ்வரி கோரஸிலிருந்து வெளியே வந்தார். வராதவர்கள்?

2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு என்று பத்திரிகைகள் கொண்டாடின. சட்டத்தில் 'நிகழ்த்துபவர்' யார் என்று வரையறுக்கும் இடத்தில் சின்னதாக ஒரு விதிவிலக்கு சேர்த்தார்கள். திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணைநிலையானதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் குறிப்பிடப்படவில்லை என்றால், அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். ஒரே ஒரு உரிமை மட்டும் அவருக்கு மிச்சம் வைக்கப்பட்டது. அவர் செய்ததை யாராவது திரித்துக் கெடுத்தால் ஆட்சேபிக்கலாம். தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை அதில் இல்லை.

நான் இதை மூன்று தடவை படித்தேன். பெயர் போடவில்லை, ஆகவே நீ கலைஞர் இல்லை. கலைஞர் இல்லை, ஆகவே பெயர் போடச் சொல்ல முடியாது. 'தொழிலின் வழக்கப்படி' என்ற சொற்களைக் கவனியுங்கள். வழக்கத்தை உண்டாக்கியவர் யார்? சாதி வழக்கத்தையும் கூலி வழக்கத்தையும் இதே மொழியில் கேட்டுப் பழகியவர்கள் நாம். கோரஸ் பாடும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் எத்தனை ரூபாய் இழப்பு என்பதல்ல என் கேள்வி. நோட்டீஸின் கடைசி வரி இங்கே சட்டப் பிரிவாகவே ஆகிவிட்டது என்பதுதான்.

'ஆசிரியன் என்றால் என்ன?' என்று ஃபூக்கோ 1969இல் கேட்டார். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று அதற்கு முன்பே பார்த் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைகளைப் படித்துத்தான் எங்களைப் போன்றவர்கள் தமிழ் எம்.ஏ. பாடத்திட்டத்துக்கு வெளியே சிந்திக்கக் கற்றுக்கொண்டோம். அந்தக் கடன் இருக்கிறது. ஆனால் செத்துப்போவதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

2002இல் நான் எட்டாம் வகுப்பு. கேபிள் டிவியில் சேனல் வி பார்த்தால் வீட்டில் திட்டு விழும். அந்தச் சேனல் 'பாப்ஸ்டார்ஸ்' என்றொரு போட்டி நடத்தி ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து 'விவா' என்ற குழுவை உண்டாக்கியது. சீமா ராம்சந்தானி, பிரதீச்சி மொகபத்ரா, நேஹா பசின், மஹுவா காமத், அனுஷ்கா மன்சந்தா. போட்டியின் அச்சு நியூசிலாந்திலிருந்து வந்தது, காசு ஒரு குளிர்பானக் கம்பெனியிடமிருந்து வந்தது. கொஞ்ச காலத்தில் குழு கலைந்தது. ஆளுக்கொரு திசை. நேஹா பசின் 2007இல் யுவன் சங்கர் ராஜாவின் இசையில் 'சத்தம் போடாதே' படத்தில் பாடினார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பாடியது அந்த ஐவரில் ஒருத்தி என்று தெரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது. எம்பி3 சிடியின் அட்டையில் நடிகர் படம் இருந்தது, இசையமைப்பாளர் படம் இருந்தது. பின்பு இந்தியில் 'சுல்தான்' படப் பாட்டுக்காக அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. குழுவில் இருந்த காலத்தை விடக் கலைந்த பிறகு வாழ்ந்தது நன்றாக இருந்திருக்கிறது. இப்படியும் நடக்கும். கூட்டு என்றாலே விடுதலை என்று நினைக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஆள் ஒருவர் வழியாகவே வந்த இன்னொரு கதை. 2009இல் ஏ.ஆர். ரஹ்மானின் 'ஜெய் ஹோ'வை 'புஸ்ஸிகேட் டால்ஸ்' என்ற அமெரிக்கப் பெண்கள் குழு ஆங்கிலத்தில் பாடியது. இசைத்தட்டில் ரஹ்மான் பெயர், குழுவின் பெயர், கூடவே தனியாக 'நிக்கோல் ஷெர்சிங்கர்' என்று அதே குழுவின் முன்னணிப் பாடகியின் பெயர். 1967இல் டெட்ராய்டில் நடந்தது அப்படியே மறுபடியும். குழுவில் இருந்த மெலடி தார்ன்டன் அந்த வருஷம் மேடையிலேயே மனம் நொந்து பேசினார். அடுத்த வருஷம் குழு உடைந்தது. பெரும்பாலான குரல்களை ஸ்டுடியோவில் தானேதான் பாடியதாக ஷெர்சிங்கர் பிற்பாடு சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கக்கூடும். அப்படியானால் மற்றவர்களை எதற்காக நிறுத்தி வைத்தார்கள் என்பது முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி. 2019இல் மறுபடி கூடினார்கள். 2021இல் குழுவை உருவாக்கிய ராபின் ஆண்டின், லாபத்தில் பங்கு பற்றி ஷெர்சிங்கர் மீது வழக்குப் போட்டார். கொரோனாவால் தள்ளிப்போன பயணம் 2022 ஜனவரியில் ரத்து. இதே பாட்டின் மூல வடிவத்தில் ஸ்பானிய மொழி வரிகளை எழுதிப் பாடியவர் சென்னைப் பாடகி தன்வி ஷா. 2010இல் ரஹ்மானோடும் குல்சாரோடும் கிராமி விருதில் அவர் பெயரும் இருந்தது. தமிழர் பெருமை பேசிய போஸ்டர்களில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

மறுகூடல் என்பதில் என்ன இருக்கிறது? ஸ்பைஸ் கேர்ள்ஸில் ஜெரி ஹாலிவெல் 1998 மே மாதமே போய்விட்டார். மற்றவர்கள் 2000வரை தாக்குப்பிடித்தார்கள். 2007 டிசம்பரில் ஐவரும் திரும்பி வந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் டாக்சிகளின் கூரைமேல் நின்று பாடினார்கள். 2019இல் விக்டோரியா இல்லாமல் நாலு பேர். இதை வெறும் பழைய நினைவு வியாபாரம் என்று தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுகிறவர்கள் ஆண்களின் மறுகூடலைப் பற்றி மட்டும் வேறு மாதிரி பேசுவதைக் கவனித்திருக்கிறேன். விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள். முப்பது வருஷம் கழித்து 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காகச் சேர்ந்தார்கள். படம் ஓடவில்லை. அதனால் என்ன? பிரியும்போது 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை ஆளுக்கொன்றாக ஒருமையில் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. 2012இல் முதலமைச்சர் கையால் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்று இருவருக்கும் சேர்த்தே இன்னொரு பட்டம். ராமமூர்த்தியின் தனிவாழ்வில் படங்கள் குறைந்துபோன துயரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பெயர் அவரோடுதான் இருந்தது. 2013இல் அவர் இறந்த அன்று பத்திரிகைகளுக்கு யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை குழுவின் கதைக்குத் திரும்புகிறேன்.

அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராக்களில் ஒரு ஏற்பாடு உண்டு, இன்றும் முழுக்க மறைந்துவிடவில்லை. பாடகிகளுக்கு 'வாய்ஸ்' பெயர். அத்தை 'ஈஸ்வரி வாய்ஸ்'. சிதம்பரத்துக்காரர் 'சுசீலா வாய்ஸ்'. பரங்கிப்பேட்டைப் பக்கத்துக்காரர் 'ஜானகி வாய்ஸ்'. ஊர்க்காரர்கள் "ஈஸ்வரி வந்துச்சா?" என்றுதான் கேட்பார்களாம். சம்பளமும் அப்படியே, சுசீலாவுக்கு இருபது ரூபாய் அதிகம். மூன்று பேரும் ஒரே வேனில், ஒரே பாயில், கச்சேரி முடிந்து விடியற்காலை டீக்கடை திறக்கும்வரை ஒரே பெஞ்சில். 1995இல் சம்பளத் தகராறில் மூன்று பேரும் சேர்ந்து நின்றுவிட்டார்கள். தனியாக ஒரு குழு ஆரம்பிப்பதாகப் பேச்சு. பழைய குழுவின் பெயரைச் சொல்லி எங்கேயும் புரோகிராம் கேட்கக் கூடாது என்று குழுக்காரர் ஆள் விட்டுச் சொன்னார். அந்தப் பெயர் இல்லாமல் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு இவர்கள் யார் என்றே தெரியவில்லை. பல்லார்டின் கதையைப் படித்தபோது எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். 'ஜானகி' வேறொரு குழுவுக்குப் போனார். 'சுசீலா' சர்ச் பாடல்குழுவில் சேர்ந்தார். அத்தை தையல் மிஷின் வாங்கிப் போட்டார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது வாய்மொழி வழக்காறுகள் பற்றி ஒரு ஆய்வேடு கொடுக்க வேண்டியிருந்தது. அத்தையிடம் உட்கார்ந்து மூன்று நாள் பாட்டுகளைப் பதிவு செய்தேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் 'தகவலாளி 7, பெண், வயது 44, தையல்'. முறையியல் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது. நோட்டீஸ் அடித்தவனைக் குறை சொல்லிக்கொண்டே இத்தனை பக்கம் வந்துவிட்ட எனக்கு இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

2018 ஆடியில் அதே கோயில். குழுக்காரர் இறந்து, மகன் நடத்துகிறார். 'அந்த நாள் ஞாபகம்' என்று ஒரு மணி நேரம் பழைய பாட்டு வைக்கலாம் என்று யோசனை சொன்னது கமிட்டி. மூன்று பெண்களையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வருஷம். ப்ளெக்ஸில் அப்பா படம் மாலையோடு, மகன் படம் கூலிங்கிளாஸோடு, கீழே 'பழம்பெரும் பாடகிகள் பங்கேற்கும்'. அத்தை போன் போட்டுக் கேட்டது.

"தம்பி, எங்க பேரு?"

"இடம் பத்தலக்கா. மேடையில சொல்லிடுறேன்."

மேடையில் அவர் சொல்லவில்லை. முதல் பாட்டுக்கு கீபோர்டு முன்னிசை ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மைக்கில் தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை பாடினேன் என்று சொன்னார். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் சொன்னார். மூன்றாவது ஆள் கொஞ்சம் தயங்கி, பெயரோடு தன் அம்மா பெயரையும் சேர்த்துச் சொன்னார். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பிறகு பாடினார்கள். சுருதி பல இடத்தில் நழுவியது, மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. ரொம்ப நல்ல கச்சேரி என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். மூன்று பேரின் பெயரையும் முழுசாகப் போடப் போகிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"எம் பேரை உம் புக்குல போடாத."

"ஏன் அத்தே?"

"நான்தான் மைக்ல சொல்லிட்டனே. கேக்க வேண்டியவங்க கேட்டாங்க. நீ போட்டா அது நீ போட்டதா ஆயிடும்டா."

மற்ற இருவரிடமும் கேட்டேன். ஒருவர் போடு என்றார். இன்னொருவர் மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இதுவரை சொல்லவில்லை. ஒருத்தர் பெயரை மட்டும் போட எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு ராத்திரி ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கவரில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். சிதம்பரத்துக்காரர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். மூன்று பேரும் அத்தை வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, 1995இல் யார் முதலில் வேனிலிருந்து இறங்கியது என்று விடியும்வரை சண்டை போட்டார்கள்.